வெள்ளிப் பூச்சு கறுத்த நாள்

மார்ச் 4
ஆய்வுக் கட்டுரை அச்சாகிவிட்டது. என் பெயர் இல்லை. முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகளை வளர்த்தவள் நான். அவற்றை பிளாஸ்டிக் தாளில், கண்ணாடிபோலத் தெளிவாக, வளைத்தாலும் மின்சாரம் ஓடும் பூச்சாக்கியவளும் நான். பெயர் மட்டும் பேராசிரியரின் மருமகனுடையது. பேராசிரியரிடம் கேட்டதற்கு, “அடுத்ததுல பாத்துக்கலாம்மா” என்றார்.

ஐந்து வருடம்.

மார்ச் 9
ஜன்னலோரம் வைத்த சோதனைத் துண்டு கறுத்துவிட்டது. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியை அரிக்கிறது. இருபத்திரண்டே நாள். மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்த துண்டு அப்படியே பளிச்சென்று இருக்கிறது. ஆய்வகக் குறிப்பேட்டில் இதை எழுத வேண்டும்.

மார்ச் 10
எழுத மாட்டேன்.

மார்ச் 18
ஏப்ரல் 12 அன்று வெளியாட்கள் முன் செயல்விளக்கமாம். பூச்சு இயந்திரம் ஓட்டும் அக்கா ஆள் உயரத் தாளை இன்று முடித்தார். “நீ ஒரு தடவ பாத்துச் சொல்லேன்” என்றார். பார்த்தேன். மேல்பூச்சு இல்லை. சரியாக இருக்கிறது அக்கா என்றேன். கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

இன்னும் இருபத்தைந்து நாள். போதும்.

ஏப்ரல் 12
தாள் வழியே மின்சாரம் ஓடி எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை! நேற்றே தாள் மங்கியிருந்தது. தூசி என்று துடைத்தார்கள். மருமகன் பொத்தானை அமுக்கிக்கொண்டே நின்றான். பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் போனபின் என்னிடம் வந்தார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“என் பேரே இல்லாத வேல சார். எனக்கு என்ன தெரியும்?”

ஒரு மாதமாக வாய்க்குள் அடக்கிவைத்த வார்த்தை. இனித்தது.

ஏப்ரல் 15
அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அழுக்குக் கையோடு பூச்சு போட்டாராம். அவரும், இருந்தாலும் இருக்கும் என்று தலையாட்டினாராம். ஏன்க்கா, நான் சரின்னு சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? — சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா?

ஏப்ரல் 17
நிறுவன இயக்குநருக்கு எழுதிவிட்டேன். கறுத்த துண்டு, கறுக்காத துண்டு, கட்டுரையில் விடப்பட்ட என் பெயர், நான் தெரிந்தே மறைத்தது — எல்லாம். பேராசிரியரைச் சும்மா விடவில்லை. என்னையும் விட முடியவில்லை.

மே 20
கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பேராசிரியருக்கு இனி ஆய்வகம் இல்லை; எனக்கும் இல்லை. என் பொருள்களை எடுக்கப் போனேன். பூச்சு அறையில் அக்கா, மறுபடி வேலையில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அடுத்த தாளை இயந்திரத்தில் ஏற்றினார்.