சிவப்புப் புள்ளி வைத்த நட்டு

அன்புள்ள அண்ணா,

நேரில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதி உன் டூல்பாக்ஸில் வைக்கிறேன்.

நீ பிரித்துப் பூட்டிய அந்தப் பழைய சொகுசுக் காரை இன்று ஓட்டிப் பார்த்தேன். மேடு ஏறினால் இன்ஜின் கொதிக்கிறது. இரண்டாவது கியர் விழ அடம்பிடிக்கிறது. சீட் மட்டும் மகாராஜா மாதிரி ஜம்மென்று இருக்கிறது. இதையெல்லாம் கார் ஓனரிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. பாலத்து வளைவில் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் இழுத்தது. எனக்கு உயிரே போய் வந்தது. ஓரங்கட்டி, அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் கம்பியைப் பிடிக்கிற நட்டு விரலாலேயே சுழன்றது. அதன் மேல் உன் சிவப்புப் பெயிண்ட் புள்ளி இருந்தது.

இறுக்கி முடித்த பிறகுதானே நீ புள்ளி வைப்பாய்? அதைப் பார்த்துவிட்டால் நான் மறுபடி ஸ்பேனர் போட்டதே இல்லை. இன்று ஒன்று விடாமல் போட்டேன். வேறு சிலவும் லூசாக இருந்தன.

அண்ணியிடம் மெல்லக் கேட்டேன். "வேலை ஜாஸ்தி, அதான் மறந்துடறார்" என்றார். அப்புறம் அவரே, "நேத்து பக்கத்துத் தெருவுல நின்னுக்கிட்டு, வீட்டுக்கு எப்படி வரணும்னு போன்ல கேட்டார்" என்றார்.

நட்டுகளை நானே இறுக்கிவிட்டேன். வண்டி இன்னும் தயாராகவில்லை என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் டாக்டரிடம் போகிறோம். சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

கார் சாவி என்னிடம் இருக்கிறது. உன் பைக் சாவியைத் தேடாதே, நீ எங்கும் மறந்து வைக்கவில்லை. அதையும் நான்தான் எடுத்தேன்.

உன் தங்கச்சி