தெருவே சேர்ந்து சுரண்டிய பச்சைப் பட்டை

பிங்துங்,
சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம், பதினாறாம் நாள்.

அன்பு மகள் யீ-சென்னுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வாய் வரவில்லை. போன வாரம் போனில் நீ அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இன்று கடைக்காரர்கள் படையல் போடும் நாள். வாசலில் மேசை போட்டு, பழமும் பிஸ்கட்டும் வைத்து ஊதுபத்தி கொளுத்தியாகிவிட்டது. அது எரிந்து முடிகிற வரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

கைப்பேசியில் அனுப்பினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். கைப்பேசியில் அனுப்பினால் நீ ஒரு கரடி படத்தைத் திருப்பி அனுப்புவாய், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. ஒரு வாரமாகச் சட்டி கழுவுகிறார். கழுவியதையே கழுவுகிறார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் இவ்வளவு சட்டி கழுவி நான் பார்த்ததில்லை. ஆகவே பார்சலில் முள்ளங்கி வற்றலுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன்.

வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அன்றைக்குச் சொன்னாய். அப்பா ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை, கோபமா என்றும் கேட்டாய். கோபம் இல்லை, கண்ணு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு தாளைக் கிழித்தும் போட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வேறு பேர் அதற்கு இல்லை.

நம் தெருவில் நடக்க இடமில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். மாடிக்கு அடியில் கடை வாசலோடு நடந்து போகலாம் என்று பேர். அங்கே நம் அடுப்பும் மேசைகளும் கிடக்கின்றன. அடுத்து ஆ-பாவ்வின் இரும்புக் கடை. அவன் ஏணியையும் குழாயையும் அங்கேதான் சாத்தி வைப்பான். ஆகவே நடக்கிறவர்கள் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். இந்தக் கோடையில் நகர அலுவலகத்தார் வந்து, முனையிலிருந்து கோயில் வரைக்கும் நம் பக்கத்து ஓரத்தில் பச்சைப் பட்டை பூசினார்கள். நடப்பவர்களுக்கு மட்டும், வண்டி நிறுத்தினால் அபராதம் என்று எழுதியும் வைத்தார்கள். வண்டிக்கு இடம் பிடிக்க அப்பா வைத்திருந்தாரே, சிமென்ட் நிரப்பிய டயரில் நட்ட பூஞ்செடிகள், அவற்றையும் தூக்கி ஓரம் கட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்கூட்டரிலிருந்து இறங்குவதே இல்லை. தலைக்கவசத்தோடு நின்று ஒரு முட்டை ரொட்டி, ஒரு சோயாப்பால் என்று கத்துவார்கள். பையை நீட்டினால் வாங்கி மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பச்சை பூசிய பிறகு நிற்கப் பயந்து நேரே போய்விட்டார்கள். மாவு மிஞ்சியது. அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. அது பொய்யில்லை.

ஆனால் ஒரு நல்லதும் நடந்தது. அன்றைக்கு அது நல்லதாகவே என் கண்ணில் படவில்லை. முனை வீட்டு காவ் பெரியவர் பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டோடு கிடந்தார் அல்லவா? அவரைப் பார்த்துக்கொள்ள இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கும் பெண் வஹ்யூனி, பட்டை பூசிய மறுநாளே அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு நம் கடைக்கு வந்துவிட்டாள். பிறகு தினமும் வந்தாள். பெரியவர் முள்ளங்கிக் கேக்கைப் பாதி தின்பார், பாதியைச் சட்டைக்குக் கொடுப்பார். அப்பாவைப் பார்த்து, "கடையில கூட்டத்தையே காணோமே, சமையல் மறந்துபோச்சா?" என்று வாய் கோணக் கோணக் கிண்டல் வேறு. அவர் ஒருவருக்காகத் தெருவே பட்டினி கிடக்க முடியுமா என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

எங்கே பேசியிருப்போம்? குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருவதற்குள் ஆளுக்கு ஒரு பையோடு முனையில் போய் நிற்போமே, அங்கேதான். ஆ-பாவ், "என் வீட்டு வாசல்ல நான் வண்டி நிறுத்தக் கூடாதாம். அப்ப வாசல் எதுக்கு, வீடு எதுக்கு?" என்பான். அப்பா, "பச்சை பூசினா மாடு வேணா மேயும், நாம என்னத்தைத் திங்கறது?" என்பார். எல்லாரும் சிரிப்போம். நானும் சும்மா இருக்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறவர்களுக்கு அடுப்புச் சூடு தெரியுமா என்று கேட்டேன். என் மகளும் வடக்கே அப்படி ஒரு ஆபீசில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. நம்புவாயா? எனக்கே நம்ப முடியவில்லை.

பிறகு வட்டத் தலைவர் ஹுங் சமூகக் கூடத்தில் விளக்கக் கூட்டம் போட்டார். வருகிறவர்களுக்குக் கழிப்பறைத் தாள் கட்டு இலவசம் என்றதும் தெருவே திரண்டு வந்தது. அப்பா எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று, வராத உனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார்.

நகர அலுவலகத்திலிருந்து வந்தது ஒரே ஒரு பெண். பெயர் வென். உன் வயது இருக்கும். முடியை உன்னைப் போலவே பென்சிலால் முடிந்திருந்தாள். திரையில் படம் காட்டி, எந்த இடத்தில் யார் மேல் வண்டி மோதியது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்கூட்டர்கள் நின்று வாங்கிப் போகக் கோயில் பக்கம் தனி இடம் ஒதுக்கலாம் என்றும் சொன்னாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

அவர் பேசியதை உள்ளபடி எழுதுகிறேன். "ஏம்மா, உன்னைப் பெத்தவங்க நாலு குடும்பத்துச் சோத்துல மண்ணு போடச் சொல்லியா வளர்த்தாங்க?" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண், "ஐயா, கொஞ்சம் நான் சொல்றதையும் கேளுங்க" என்றாள். "நீ எனக்குச் சொல்ல வேண்டாம். என் பொண்ணும் இன்ஜினியர்தான், வடக்க தாவ்யுவான்ல. இதே ரோட்டு வேலைதான். அவளுக்கு இருக்கற அறிவுல கால்வாசி இருந்தா நீ இப்படிப் பண்ணுவியா?" என்றார். கூடம் கைதட்டியது. அவள் கைதட்டல் அடங்கக் காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "அவங்களும் இந்த மாதிரி கூட்டத்துக்கெல்லாம் போவாங்க இல்லையா, ஐயா?" என்று கேட்டாள். அப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். "என் பொண்ணு போனா ஜனங்க டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க. உனக்குத் தண்ணி குடுக்கவே இங்க ஆளில்ல!"

கூடமே சிரித்தது. அவள் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை மூடிக் கீழே வைத்தாள். நானும் சிரித்தேன், யீ-சென். கையும் தட்டினேன். என் பக்கத்தில் இருந்தவள், "உங்க வீட்டுக்காரர் வாயே வாய்!" என்றபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பேசியது அவர் என்று பழியை அவர் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது.

சில நாளில் உத்தரவு வந்தது. பட்டையை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். போன வாரம் இயந்திரம் வந்து பச்சையைச் சுரண்டியது. தெரு முழுக்கப் புழுதி. சுரண்டி முடித்த மாலையே ஆ-பாவ் வறுத்த கணவாயும் பீரும் வாங்கிக்கொண்டு வந்து நம் மேசையில் பரப்பினான். வட்டத் தலைவர் ஹுங்கும் வந்தார். "ஜின்-சாய் அண்ணே, அடுத்த தேர்தல்ல என் நாற்காலி உங்களுக்குத்தான்" என்று அவர் அப்பாவின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உன் போன் வந்தது.

எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். அவர்கள் இருந்ததை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ பேச ஆரம்பித்ததும் ஸ்பீக்கரை அணைக்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் பச்சைப் பட்டை போடுவது பற்றிக் கூட்டம் என்றாய். ஒரு ஆள் எழுந்து, உன்னையெல்லாம் பெத்தவங்க என்னத்தச் சொல்லிக் குடுத்து வளர்த்தாங்க என்று கேட்டதாகச் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்றாய்.

நீ போனை வைத்ததும் ஆ-பாவ் துள்ளி எழுந்தான். "எவன் அவன்? நம்ம பொண்ண அழ வெக்க அவனுக்கு எவ்வளவு திமிரு! அண்ணே, நாளைக்கே வண்டிய எடுங்க. தாவ்யுவானுக்கே போயி அவன் வீட்டு வாசல்ல நின்னு கேப்போம்" என்று மேசையைக் குத்தினான். நெஞ்சாரச் சொன்னான், பாவம். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வட்டத் தலைவருக்கு உறைத்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அப்பா ஆ-பாவ்வின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய்ச் சட்டி கழுவ ஆரம்பித்தவர்தான். உன்னிடம் பேசாதது இதனால்தான். எந்த வாயால் பேசுவார்?

வஹ்யூனி மறுநாள் பெரியவரைத் தள்ளிக்கொண்டு சாலையில் வந்தாள். பின்னாலேயே சரக்கு வண்டி ஒன்று விடாமல் ஒலியெழுப்பியது. அவள் எங்கேயும் ஒதுங்க முடியாமல் ஓடினாள். நாற்காலியின் சக்கரம் குழியில் மாட்டிப் பெரியவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். அப்பா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் வஹ்யூனி, "பயமா இருக்கு அக்கா, இனிமே கூட்டிட்டு வரமாட்டேன்" என்று அழுதாள். பெரியவர் அன்றைக்குக் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. அவர் மடியில் கேக் பொட்டலத்தை வைத்து, அப்பாவே வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்.

திரும்பி வந்ததும் கடை வாசலில் நின்ற நம் நீல வண்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கோயிலுக்குப் பின்னால் நிறுத்தினார். டயர்த் தொட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனார். நாம் விட்ட இடத்தில் ஜனங்கள் நடக்கட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. மறுநாள் காலை அங்கே ஆ-பாவ்வின் கார் நிற்கிறது! "காலியாத்தான இருந்துச்சு அண்ணே" என்கிறான். அப்பாவால் அவனை ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. தெருவில் இடம் பிடிக்க எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர்தானே.

முந்தாநாள் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அன்னாசிக் கேக் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நகர அலுவலகத்துக்குப் போனார். அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்க. நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். அங்கே கவுண்டரில் இருந்தவர், "வென்னா? அவங்க வேலையை விட்டுட்டாங்களே" என்றாராம். எங்கே போனாள் என்று கேட்டதற்குச் சொல்லக் கூடாது என்றுவிட்டார்கள். பெட்டியையாவது அவளோடு வேலை பார்த்தவர்களுக்குக் கொடுக்கலாமென்றால் வாங்க விதி இல்லையாம். நம்மால்தான் விட்டாளா என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வந்திருக்காது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கவும் நகரச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியோடு திரும்பி வந்தார். அது இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் அம்மா எங்கேயோ இருப்பாள். அவளுக்கும் ஒரு சாயங்காலம் போன் வந்திருக்கும். அந்த அம்மாவுக்கு நான் எழுத முடியாது.

ஊதுபத்தி முடியப் போகிறது. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருப்பதும் விடுவதும் உன் இஷ்டம். நீ வீட்டுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், கடையில் உனக்கு எப்போதும் இடம் உண்டு. புத்தி சொல்லும் யோக்கியதை இந்த வீட்டில் இப்போது யாருக்கும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்னும் கொஞ்ச நாள் மட்டும் அந்த இடத்திலேயே இரு. உன்னைத் திட்டிய ஆளுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவளுக்கும் ஒரு மகள் இருக்கலாம். ஒரு நாள் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஏதாவது பெட்டியோடு, உன் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வரலாம். வந்தால் நீ அங்கே இருக்க வேண்டும், கண்ணு. பெட்டியை வாங்க வேண்டாம். அவர் சொல்லத் திணறினால் நீயும் உதவ வேண்டாம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல், அது போதும். உன் அப்பாவை அங்கே யாரும் உட்காரச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
ஷியூ-மான்