உன் அம்மாவின் படத்தைத் திருப்பிக் கேள்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதை விட்டுத்தள்ளு. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். பேரனுக்குச் சளி விட்டதா? மாடிவீட்டு டீச்சர் உன்னை விசாரித்தார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேனே, அதை நானே பிரித்து வாஷர் மாற்றிவிட்டேன், நீ ஆள் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டாம். போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, நடுவில் பேரன் அழ, பேச்சு அரைகுறையாக நின்றுவிடுகிறது. இது நீ உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டிய சமாச்சாரம், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா வேலை பார்த்த சட்டைக் கம்பெனியிலிருந்து எச்.ஆர். அதிகாரி வந்த கதையை முதலிலிருந்து சொல்கிறேன். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு. கையில் பழக்கூடை, முகத்தில் அளவெடுத்துத் தைத்த துக்கம். உன் அம்மா போனபோது எட்டிப் பார்க்காதவர்கள் இத்தனை மாதம் கழித்து வந்திருக்கிறார்களே என்று உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். "அம்மா எங்க கம்பெனிக்கே தாய் மாதிரி சார்" என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் வேலையில் இருந்தவரை அந்தக் கம்பெனி அவளுக்கு வைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுதினால் காகிதம் நாறிவிடும். பெண்களுக்குப் புதிதாக ஓய்வறை கட்டியிருக்கிறார்களாம், அதற்கு அவள் பெயராம், வாசலில் அவள் படமாம், நான் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். படத்துக்குக் கீழே வரப்போகிற வாசகத்தையும் காட்டினார். 'அன்பான தாய், அயராத உழைப்பாளி.' அவ்வளவுதான். தொழிற்சங்கச் செயலாளர் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்றேன். "அது பாலிசி கிடையாது சார்" என்றார். சரி, ஓய்வறையை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த மனிதர் பழக்கூடையையே பார்த்துக்கொண்டு, "பழைய காப்பகம் இருந்த எடத்துல சார்" என்றார்.

உனக்கு இது தெரிந்திருக்காது. கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலை பார்க்க உன் அம்மா போராடி வாங்கிய காப்பகத்தை மூடிவிட்டார்கள். இடம் போதவில்லையாம், பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்றார்களாம். ஏன் மூடினீர்கள் என்று கேட்டதற்கு மூன்று பெண்களுக்கு வேலை போயிற்று. அந்த இடத்தில்தான் நாலு நாற்காலி போட்டு உன் அம்மா படத்தை மாட்டப் போகிறார்கள். இதை நாளைக்கு யாராவது தட்டிக்கேட்டால், அந்த அம்மா பேரிலேயே கட்டியிருக்கிறோமே, அவர் குடும்பமே வந்து திறந்துவைத்ததே என்று சொல்லலாம் பார். நான் பழக்கூடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, படமும் கிடையாது பெயரும் கிடையாது, போய்ச் சொல்லுங்கள் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க பொண்ணு ஏற்கெனவே சம்மதிச்சுட்டாங்க சார், படமும் அனுப்பிட்டாங்க, குடும்பத்துல ஒருத்தர் சம்மதம் இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்மேல் கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது, நன்றாகவே வந்தது. காப்பகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் உன்னிடம் படம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்த பிறகுதான் தணிந்தது. அன்று போனில் காப்பகத்தை மூடியதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "போகட்டும்ப்பா, உயிரோட இருந்தவரைக்கும் அம்மாவுக்கு ஒரு மரியாதையும் கெடைக்கல, பேராவது நிக்கட்டுமே" என்றாய். "சங்கம் சங்கம்னு ஓடி அம்மா என்னத்தக் கண்டாங்க, அவங்கள அம்மான்னு மட்டும் நெனைச்சாப் போதும் எனக்கு" என்றும் சொன்னாய். அந்தக் கடைசிப் பேச்சு என் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நிற்கிறது. அவள் என்னத்தைக் கண்டாள் என்று சொல்கிறேன், கேள்.

அப்போது நான் அங்கே தையல் மெஷின் மெக்கானிக். உன் அம்மா லைனில் கை மூட்டுகிற வேலை. ஒருத்தி காலர் வைத்தால் அடுத்தவள் கை மூட்டுவாள், அவளுக்கு அடுத்தவள் பொத்தான், இப்படிச் சட்டை கை மாறிக் கை மாறிப் போகும். கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரே ஒரு டோக்கன், சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். 'ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும், டோக்கனுடன்' என்று போர்டு வேறு. ஒருநாள் காலர் வைக்கிற பெண், நிறைமாதக் கர்ப்பிணி, டோக்கன் கேட்டாள். டார்கெட் முடியட்டும் என்று அந்த ஆள் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நான் பக்கத்து மெஷினுக்கு அடியில் படுத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன், பெண்களின் கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. உன் அம்மாவின் கால் பெடலிலிருந்து இறங்கியது. "சார், எனக்கும் போகணும்" என்றாள். அடுத்தவள் கால் இறங்கியது, அதற்கடுத்தவள் கால் இறங்கியது, கொஞ்ச நேரத்தில் பெடலில் ஒரு கால்கூட இல்லை, நானும் அடியிலிருந்து வெளியே வந்தேன். கர்ப்பிணியை முன்னால் விட்டு லைன் மொத்தமும் வரிசையில் நின்றது, சூப்பர்வைசர் பையிலிருந்து டோக்கனை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. டோக்கன் ஒருத்தியோடு போய்த் திரும்பி வந்தால்தானே அடுத்தவள் போக முடியும்? நிதானமாகப் போனார்கள், நிதானமாக வந்தார்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்கள். சட்டைகளெல்லாம் கை இல்லாமல் காலர் இல்லாமல் குவிந்துவிட்டன. மானேஜர் ஓடிவந்து ஸ்ட்ரைக் பண்ணுவது யார் என்று கத்தினார். உன் அம்மா அந்தப் போர்டைக் காட்டி, "ஸ்ட்ரைக்கா, யாரு சார் பண்றா? நீங்க எழுதி வெச்சபடிதான் நிக்கிறோம்" என்றாள். அவர் டோக்கனைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். அதோடு ஒழிந்தது டோக்கன். போகிற போக்கில் என்னைப் பார்த்துவிட்டு, "உன் பொண்டாட்டியக் கொஞ்சம் கண்டிச்சு வையேன்யா" என்றார். "ரிப்பேரானதத்தான் சார் நான் பாப்பேன், அவங்க நல்லாத்தான் ஓடிட்டிருக்காங்க" என்றேன். ஒரு வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடையாது, போகட்டும், அந்த ஒரு வார்த்தைக்காக உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் போதும்.

இனி காப்பகத்துக்கு வருகிறேன். அதற்காக மாதக்கணக்கில் மனு, ஊர்வலம் எல்லாம் நடந்து, கடைசியில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து உனக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னதும் உன் அம்மா மேஜையிலிருந்து எழுந்துவிட்டாள். சரக்கு கப்பலுக்குப் போக வேண்டிய அவசரம், மானேஜருக்கு அன்றே முடித்தாக வேண்டும். "பேச்ச நாளைக்கு வெச்சுக்கலாம், இன்னிக்கே முடிக்கணும்னா என் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மனிதர் வந்தாரே! காரை விட்டு இறங்கிய மனிதர் நம்முடைய ஆடுகிற நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். நீ அவள் மடியில் கிடந்தாய், நெற்றியில் ஈரத்துணி. அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம் அவள் உதட்டில் விரலை வைத்து, "பாப்பா தூங்குது" என்பாள். கத்தியே காரியம் சாதித்த மனிதருக்குக் கிசுகிசுத்து வாதாடத் தெரியவில்லை. காப்பகம் கொடுக்கலாம், ஆனால் ஆயா வைக்க முடியாது என்று அவர் இழுத்த நேரத்தில் நீ எழுந்து அவர் பேண்ட் மேல் வாந்தி எடுத்தாய். அதற்குப் பிறகு எதற்கும் மறுப்புச் சொல்லாமல் சம்மதித்துவிட்டுப் போனார். நீ முதல் எழுத்து எழுதியது அந்தக் காப்பகத்துச் சுவரில்தான், கரிக்கட்டியால், தலைகீழாக.

இப்போது நீ சொல். அன்றைக்கு உன்னை மடியில் வைத்திருந்தவள் தாயா, செயலாளரா? எந்த இடத்தில் பிரித்து எந்தப் பாதியை நீ எடுத்துக்கொள்வாய்? உனக்கு ஏக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீ பள்ளி விழாவில் ஆடிய அன்று அவள் ஊர்வலத்தில் கைதாகிப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாள், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய், நியாயம்தான். மறுநாள் அவள் வந்ததும் வராததுமாய், கூடவே விடுதலையான பெண்களையும் வரிசையாகச் சமையலறையில் உட்கார வைத்து, அந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆடச் சொல்லிப் பார்த்தாளே, அதையும் சேர்த்து நினைத்துக்கொள். அவளை அவர்கள் 'அன்பான தாய்' என்று எழுதும்போது என் வயிறு எரிவது எதற்கென்றால், அந்தத் தாய்க்கு ஒருவரும் அரை மணி நேரம் லீவு கொடுத்ததில்லை. ஒவ்வொன்றையும் சண்டை போட்டுத்தான் வாங்கினாள். சண்டையை அழித்துவிட்டு அன்பை மட்டும் சுவரில் மாட்ட அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று கேட்பாயே. தினமும் காலையில் கம்பெனி கேட்டுக்கு எதிரே போய்விடுகிறேன். வேலை போன பெண்கள் அங்கே ஒரு பந்தல் போட்டிருக்கிறார்கள். உள்ளே வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள், இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். அவர்கள் மூடிய காப்பகம் அவர்கள் வாசலிலேயே நடக்கிறது. நான்தான் அங்கே ஆயா. மெஷினுக்கு எண்ணெய் போட்ட கை இப்போது பிள்ளைகளுக்குத் துணி மாற்றுகிறது, சிரிக்காதே. வேலை போனவர்களில் ஒருத்திக்கு நாற்பது நாள்கூட ஆகாத பெண் குழந்தை இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய வாரம் அவளை நீக்கினார்கள். அந்தக் குழந்தைக்கு உன் அம்மாவின் பெயரை வைத்திருக்கிறாள். யாரையும் கேட்டு வைக்கவில்லை, என்னைக்கூட. இன்னும் கழுத்து நிற்கவில்லை, ஆனால் பசித்தால் போடுகிற சத்தத்தில் கேட்டுக்கு உள்ளே இருக்கும் காவலாளி எழுந்து நின்றுவிடுகிறார். அவள் பெயர் நிற்க வேண்டும் என்றாயே, இனிமேல்தான் நிற்கப் போகிறது, கொஞ்ச நாளில் நடக்கவும் செய்யும்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதற்கு முன்னால் நீ கம்பெனிக்கு இரண்டு வரி எழுது. சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் அம்மாவின் படத்தைத் திருப்பிக் கொடுங்கள், அவ்வளவு போதும். காரணம் எழுத வேண்டாம், அவர்களுக்கே தெரியும். எனக்காக எழுதாதே. அந்தக் காப்பகத்தில் வளர்ந்த பிள்ளை என்ற முறையில் எழுது. இல்லை, படம் அங்கேயே இருக்கட்டும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுது, நான் ஏசமாட்டேன், நீ என் மகள்தான். ஆனால் வெள்ளிக்கிழமை அவர்கள் உள்ளே ரிப்பன் வெட்டும்போது நான் வெளியே, அவள் பெயர் கொண்டவளைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலில்தான் நிற்பேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேரனுக்கு ஆயிரம் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நெடுநாள் வாழ வேண்டும். அந்த இரண்டு வரியை மறந்துவிடாதே.

கேட்டுக்கு வெளியே இருந்து,
உன் அப்பா