ஆன் பொலின் தலையில் மாதாவின் கிரீடம்

மே 14, செவ்வாய்
விடியக் காலையிலேயே மழை. மா முடிந்துவிட்டது, பாணும் சம்பலும். செருப்பு வார் தைக்கக் கொடுக்க வேண்டும்.

வெள்ளவத்தை டியூட்டரியில் ஐரோப்பிய வரலாறு படிப்பித்தேன். எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி ஆன் பொலின். முதல் ராணி கத்தரீனுக்குத் தோழியாக அரண்மனைக்குள் வந்தவள். இவளைக் கட்டுவதற்காக அரசன் கத்தரீனைத் தள்ளிவைத்தான், பாப்பரசரையும் பகைத்தான். மூன்று வருடம் ராணி. ஒரே ஒரு பெண் பிள்ளை. ஆண் வாரிசு இல்லை என்றதும் அவள் மேல் கள்ளத் தொடர்புக் கதை, விசாரணை, கடைசியில் வாள்.

பின் வாங்கிலிருந்து ஒருத்தி: "டீச்சர், அவ உண்மையா பிழை செய்தவவோ?"
"இல்லை பிள்ளை. கூட இருந்த பெண்டுகள் கதைச்ச கதையும் அவவுக்கு எதிராப் போச்சு."
சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். பிலோமினா டெலிபோன் எடுத்தாளாம். பள்ளியில் என்னோடு ஒன்றாகப் படித்தவள், மன்னாருக்குக் கட்டிப்போனவள். "கனடாவுக்கு, மகளிட்டப் போறாவாம். ஞாயிறு பிளேன். பாமன்கடை லொட்ஜில நிக்கிறாவாம். ஒருக்கா வரட்டாம்."
அவளைக் கண்டு முப்பத்துநாலு வருடம்.

மே 15, புதன்
மழை விட்டுவிட்டு. பாடம் இல்லை. பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்து ஒரு வரியும் எழுதவில்லை.

கொட்டாஞ்சேனைக் கொன்வென்ட். பதினாறு வயது. மாதாவின் மே மாதம்: ஒழுங்கைக்கு ஒழுங்கை செபமாலை, மெழுகுதிரி, துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தம். அந்த வருடம் நாடகம், கொன்வென்ட் தலைவி மதரே எழுதியது. கத்தரீன் நல்லவள், ஆன் பொலின் கெட்டவள். பாப்பரசரை விட்டு இங்கிலாந்து பிரியக் காரணமானவளுக்கு எங்கள் கோயில் வளவில் கைதட்டலா? கூடவே கூடாது.

கெட்டவள் வேடம் பிலோவுக்கு. உடுப்புப் பொறுப்பு எனக்கு. பழைய சிவப்பு வெல்வெட் திரையை வெட்டிப் பாவாடை, பிளாஸ்டிக் முத்துமாலை. சிறைக் காட்சியில், "கழுத்து சின்னதுதான், வாளுக்கு வேலை குறைவு" என்று கழுத்தைத் தடவிச் சிரிப்பாள். மீன் விற்கும் பெண்கள் "ஐயோ என்ர பிள்ளை" என்று அழுதார்கள். மதரின் கெட்டவளுக்காகக் கொட்டாஞ்சேனையே அழுதது! என்ன சந்தோஷமான காலம் அது. இப்போது சிரிக்கிறேன், பார்க்கத்தான் ஆளில்லை.

மே 16, வியாழன்
எழுதாமல் விட்டதை எழுத வேண்டும்.

மாதா சுரூபத்தின் கிரீடத்தை இரவல் தந்தது கத்தரீனுக்கு மட்டும். ஆனுக்கு மட்டையில் செய்த கிரீடம். அது மழைச் சாரலில் ஊறித் தொங்கிவிட்டது. முடிசூட்டுக் காட்சிக்கு இரண்டு நிமிடம். கையில் கிடைத்தது மாதாவின் கிரீடம். எடுத்துப் பிலோவின் தலையில் வைத்தேன். ராணி என்றால் கிரீடம் வேண்டும். அதற்கு மேல் புத்தி ஓடவில்லை.

முன் வரிசையில் பங்குச் சுவாமி எழும்பிவிட்டார். மாதாவின் கிரீடம் பாப்பரசரை மறுத்த ஒரு பதிதையின் தலையில்! "ஆர் வைச்சது?" என்று மதர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். மூன்றாம் நாள் பிலோ, "நான்தான் எடுத்துப் போட்டனான், மதர்" என்றாள். மாதா சபையின் நீல நாடாவை எல்லோர் முன்னாலும் அவள் கழுத்திலிருந்து கழற்றினார்கள். கன்னியாஸ்திரியாக மடத்தில் சேர இருந்தவள். மதர் சிபாரிசுக் கடிதம் கொடுக்கவில்லை. மறு வருடம் மன்னாரில் கல்யாணம்.

நான் ஒரு கோழை. மன்னிப்புக் கேட்க இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

மே 18, சனி
வெயில். கட்லட் பன்னிரண்டு, பேப்பரில் சுற்றி. பஸ்ஸை இரண்டு இடத்தில் மறித்தார்கள். இறங்கி, அடையாள அட்டை காட்டி, ஏறி. பொதியை அவிழ்க்கச் சொன்னார்கள். கட்லட்டை மணந்து பார்த்துவிட்டு, "ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் சொல்லிப் போக விட்டான் ஆமிக்காரன்.

பிலோ முழுக்க நரைத்துவிட்டாள். ஒரு கட்டில், இரண்டு சூட்கேஸ். கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம், பிறகு சிரித்தோம். வெல்வெட் பாவாடை, சுவாமியின் முகம், எல்லாம் கதைத்தோம். வசனம் ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை.

சொல்லிவிட்டேன். "பிலோ, அண்டைக்கு நான் வாய் திறக்கேல்ல. என்னை மன்னிச்சுக்கொள்."

சேலை மடித்த கை நின்றது. "மடத்துக்குப் போயிருந்தா என்ர பிள்ளையள் இல்லையடி. அதில எனக்குக் கவலை இல்லை."
பெட்டியை மூடினாள்.
"எண்டாலும் நீ சொல்லுவாய் எண்டு நான் மூண்டு நாள் பாத்துக்கொண்டிருந்தனான்."

அந்த மூன்று நாளும் பள்ளிக்கு அவளோடு கைகோத்துக்கொண்டுதான் போனேன்.