மேலே வேட்டி, அடியில் பாவாடை

செப். 9, செவ்வாய்

திண்டிவனத்தில் காலையிலேயே சுரீர் வெயில். கலாவுக்குக் கர்ப்பப்பை எடுத்துப் பதினோராம் நாள். கஞ்சி, மாத்திரை இரண்டு. துணி துவைத்தேன். என் வேட்டி, சட்டை மொட்டை மாடியில். அவள் பாவாடை, நைட்டி வழக்கம்போல் குளியலறைக் கம்பியில். மாடி நாலு குடித்தனத்துக்கும் பொது. ஆம்பளைகள் பல் தேய்ப்பது அங்கேதான். மனைவி துணியைத் துவைக்கிறார் என்று எங்கள் ஸ்கூல் ஓவிய வாத்தியாருக்குப் 'பாவாடைச்சாமி' என்று பேர் வைத்தவன் நான். அந்த வாயோடு கையில் பாவாடையை எடுத்துக்கொண்டு எப்படி ஏறுவது?

கலா: "கெடார்லேர்ந்து தங்கச்சிய வரச் சொல்லட்டுமாங்க?"

"எதுக்கு? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள், 22 திருத்தி முடிந்தது. பாடத்துக் கதையின் நாயகனைப் பற்றிய கேள்வி. யாரிடமும் எதுவும் கேட்காத, கடைசிவரை கண் கலங்காத மனிதன். எல்லாரும் 'மன உறுதி' என்று எழுத, ஒரு பெண் மட்டும்: 'அவர் நல்லவர்தான். ஆனால் அவரோடு வீட்டில் இருந்தவர்கள் பாவம்.' ஐந்துக்கு ஒன்று போட்டேன். அதிகப்பிரசங்கி.

செப். 11, வியாழன்

தையல் எரிகிறதாம். பார்த்தேன், சிவந்திருக்கிறது. உடனே விழுப்புரம் பஸ். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா பார்த்ததும், "சீழ் வச்சிருக்கு. பாவாடை ஈர வாடை அடிக்குதே, துணிய எங்க காயப்போடறீங்க?"

நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

கலா சொன்னாள்: "மழைங்க டாக்டர்."

ஒரு வாரமாக ஒரு சொட்டு இல்லை.

இரண்டு தையல் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். பக்கத்தில்தான் நின்றேன். கலா என் கையைத் தேடவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "உங்கள அவங்க முன்னால எப்படிங்க விட்டுக்குடுக்கறது?"

சீ. நானெல்லாம் ஒரு மனுஷன்.

வாங்க: பஞ்சு, பிளாஸ்திரி, துணி கிளிப்.

அந்தப் பெண்ணின் தாளில் ஒன்றை நாலாக்கினேன். ஐந்து போடக் கை வரவில்லை.

செப். 12, வெள்ளி

லீவு. பாவாடையோடு மாடி ஏறினேன். கொடியில் போட்டேன். படியில் செருப்புச் சத்தம். சட்டென்று என் வேட்டியை அதன்மேல் விரித்துவிட்டேன். வந்தது பக்கத்து வீட்டு செல்வம், அரிசி மண்டிக்காரர். "இன்னா சார், ஸ்கூலு இல்லியா?"

"லீவு."

சாயங்காலம் எடுத்தேன். வேட்டி மொடமொட. அடியில் பாவாடை ஈரம். அதை அவளிடம் கொடுக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்தேன். அழுகை வந்தது. யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே அழுதேன்.

செப். 13, சனி

நல்ல காற்று. எட்டு மணி. பாவாடை 2, நைட்டி 1. வேட்டியை வேண்டுமென்றே கீழே வீட்டிலேயே விட்டுவிட்டேன். செல்வம் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். கிளிப் வாங்க மறந்திருக்கிறேன். பாவாடை பறக்கப் பார்க்கிறது.

"செல்வம், ரெண்டு கிளிப் இருந்தா குடுங்க. வீட்டம்மா துணி. நான்தான் தோச்சேன்."

நுரையைத் துப்பிவிட்டுச் சுவரோரம் வைத்திருந்த தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிரிக்கவில்லை. படிப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எங்கூட்லயும் நான்தான் சார். நீங்க பாத்துடுவீங்கன்னு விடியறதுக்குள்ள ஜல்தியா போட்டுட்டு எறங்கிடுவேன்."