ஓர் ஓட்டில் தோற்றவனுக்கு

மாப்ள,

நேற்று எங்கள் விளாங்குடி குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தலைவர் பெயரை வாசித்து முடிப்பதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். ஏகமனதாம்! அந்தச் சத்தம் கேட்டதும் உன் மூஞ்சிதான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அவருக்கு என்னத்தைச் சொல்வது?

நம் கட்சியும் அப்படித்தானே இருந்தது? எழுபதுகளின் கடைசி. சட்டசபையில் ஓர் ஆள்கூட இல்லாத கட்சி. ஆனாலும் மாவட்டச் செயலாளர் மட்டும் அசைக்க முடியாத ஆள், என் தாய்மாமன். மேடையில் அவர் பெயரைச் சொன்னதும் கைதட்டு விழும், அதுதான் தேர்தல். நீதான் ஒருநாள் கூட்டத்தில் எழுந்து, சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும் ரகசிய ஓட்டு வேண்டும் என்றாய். மண்டபமே உன்னை முறைத்தது. எனக்கோ உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. மாமன் முகத்தைப் பார்க்காமல் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் என்ன அலைச்சல்! ஒரே சைக்கிள். நீ மிதிப்பாய், நான் பின்னால். திருவாதவூரில் தொடங்கிக் கிளை கிளையாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். வேறு கட்சிக்குப் போய்விடலாமே என்று நான் அலுத்துக்கொண்டால், "வெளிய போயிட்டா யாரு நம்மளக் கேப்பா? உள்ள உக்காந்துக்கிட்டே நச்சரிக்கணும் மாப்ள" என்பாய். நச்சரிப்புத் தாங்காமல் தலைமை இறங்கி வந்தது. மாமனை எதிர்த்து நீயே நின்றாய். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் எழுதுங்கள், வெறுஞ்சீட்டு மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னாய்.

கொட்டாம்பட்டி ரைஸ்மில் கிடங்கில் தேர்தல். பிஸ்கட் டின்தான் பெட்டி. நாற்பத்தொரு பேர். மாமனும் வரிசையில் நின்றார், அதைப் பார்க்கவே அம்புட்டுச் சந்தோஷம் எனக்கு! எண்ண ஆரம்பித்தார்கள். பத்துக்குப் பத்து. பதினைந்துக்குப் பதினைந்து. இருபதுக்கு இருபது. கடைசிச் சீட்டைப் பிரித்தார்கள்.

மாமன் பெயர்.

வெளியே வந்து நான் அழாத குறை. நீ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

"எம்பேர நானே எழுதக் கூச்சமா இருந்துச்சு மாப்ள. வெறுஞ்சீட்டுப் போட்டா செல்லாமப் போயிரும். அதான் ஒங்க மாமனுக்கே எழுதிட்டேன்."

அட கூறுகெட்டவனே! அடிக்கவே கை ஓங்கிவிட்டேன். உன் பெயரை எழுதியிருந்தால் நீ ஜெயித்திருப்பாய். நீயோ, இருபது பேர் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள், இனி உன் மாமன் சும்மா இருக்க மாட்டார் பார் என்று குதித்தாய். நீ சொன்னபடிதான் நடந்தது. மறுவாரமே மாமன் கிளை கிளையாகக் கிளம்பினார். அடுத்த தேர்தலுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வாங்கி வந்ததே அவர்தான்.

அந்தக் கடைசி ஓட்டு யாருடையது என்று பழைய ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். தாய்மாமனுக்கு மருமகன் போடாமல் இருப்பானா என்று என்னைத்தான் கைகாட்டுகிறார்கள். உன் சாவு வீட்டிலேயே ஒருத்தர் மாலையும் கையுமாக என் காதோரம் வந்து, "அன்னைக்கு நீ மாத்திப் போடாம இருந்திருந்தா இவன் ஜெயிச்சிருப்பான்ல?" என்றார்.

நீ படுத்திருந்தாய். உன் ஓட்டை நான் எப்படி வெளியே சொல்வேன்?

"ஆமாண்ணே, நான்தான்" என்றேன்.

அந்தப் பழி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது மாப்ள. யாருக்கும் தருவதாக இல்லை.