ஊடல் இல்லை, ஊடு

காற்று இப்போதுதான் திரும்பியது. விடுதிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோழிப்பண்ணையின் நாற்றம் ஜன்னல் வழியே வந்து என் போர்வைக்குள்ளும் புகுந்துவிட்டது, அக்கா. மற்ற பெண்கள் தலையணையில் மூக்கைப் புதைத்துத் தூங்குகிறார்கள். எனக்கு இது நம் கோழிப்பண்ணையில் நின்றுவிட்டு வரும் உன் வாசனை. இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய்.

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில், கைக்கடிகார வெளிச்சத்தில் எழுதுகிறேன். வார்டன் மேடத்தின் செருப்புச் சத்தம் வராண்டாவில் கேட்டால் பேனாவைக் கடித்துக்கொண்டு செத்தவள்போலக் கிடப்பேன். படுத்தபடி எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள். என்னை இங்கே சேர்க்க வந்த நாளில் இந்தக் கட்டடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "பள்ளிக்கூடமாடி இது? கூண்டுப் பண்ணை. அங்க முட்டை, இங்க மார்க்கு." அப்பா முறைத்தார். வார்டன் மேடம் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டார்.

ஆல்பம் வந்துவிட்டது, அக்கா. உன் இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம். நித்யா என்று என் வகுப்பில் ஒருத்தி; தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவள். கட்டைவிரல் அளவு பாட்டுப்பெட்டி ஒன்றில் அதை ஏற்றி, சாப்பாட்டுப் பையில் தயிர் டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். குறுந்தகட்டோடு வந்த பாட்டு வரித் தாளையும் மடித்துக் கொடுத்தாள். மூன்று நாளாகக் கழிப்பறையில் வைத்துக் கேட்டேன்.

கேவலமாக இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் பாட்டு மழைச் சத்தத்தில் தொடங்குகிறது, பிறகு புல்லாங்குழல். தொண்டை கிழியக் கத்துகிற மெட்டல்கோருக்குப் புல்லாங்குழல்! நீ போன பிறகு மற்ற பாட்டையெல்லாம் கிட்டார் தினேஷ் அண்ணனே பாடியிருக்கிறார். கத்தவேண்டிய இடத்தில் கல்யாணக் கச்சேரிக்காரர்போலக் குழைகிறார். எல்லாம் அடங்கி மறுபடி இடிபோல் இறங்கவேண்டிய இடம் ஒன்று உண்டே, அது எங்கள் பள்ளி மணிபோல நேரத்துக்கு நேரம் வருகிறது. யாருக்கும் அடிவயிறு கலங்காது. டிரம்ஸ் மட்டும் நன்றாக இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

அந்த இடத்தை நீ எனக்கு விளக்கிய விதம் நினைவிருக்கிறதா? மழைக்காலம். பெரியப்பாவின் போர்வெல் வண்டி வேலையில்லாமல் வாசலில் நின்றது. நீ அதன் கேபினுக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கத்திப் பழகுவாய். நான் பக்கத்து இருக்கையில் காதைப் பொத்திக்கொண்டு முறுக்கு தின்பேன். "கம்ப்ரசர் சத்தம் போட்டுட்டே இருக்கும். யாருக்கும் ஒறைக்காது. நின்னுச்சு பாரு, அப்பத்தான் நெஞ்சு திக்குங்கும். அப்பறம் தண்ணி பீச்சும். அதாண்டி பாட்டு" என்றாய்.

ஒருநாள் பெரியப்பா வண்டிக் கதவைத் தட்டினார்.

"ஏம்புள்ள, நாய் மாதிரி ஊளையிடறே? பண்ணையில கோழியெல்லாம் நடுங்குது. முட்டை உடறதையே நிறுத்திப்போடும்."

"கோழிக்குப் புடிச்சுத்தானுங்க நடுங்குது. தலையாட்டுது."

"வாயி! இது என்ன உன் ஊடா? கட்டிக்குடுக்கற ஊட்டுல போயி ஊளையிடு."

நீ கண்ணாடியை மறுபடி ஏற்றினாய். வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அடுத்த வாரம் அந்தப் பாட்டு இருந்தது. அதன் முக்கிய வரி மூன்றே சொல்: இது என் ஊடு. 'வீடு' என்றுகூட இல்லை, நாம் பேசுகிற 'ஊடு'. அதையே பதினாறு தடவை கத்துவாய். கடைசித் தடவை குரல் கிழிந்து, சொல் எது மூச்சு எது என்று தெரியாமல் போகும். அதை ஒலிப்பதிவு செய்துவிட்டு வந்த மாதமே காய்ச்சல் என்று படுத்தாய். நாலாம் நாள் நீ இல்லை. இழவுக்கு வந்தவர்களிடம் பெரியப்பா, தான் பெற்ற மகள்போல, "எம்புள்ள நல்லாப் பாடுமுங்க" என்று சொல்லி அழுதார். எனக்கு அவர் அழுகையைப் பார்க்கக் கூசியது.

ஆல்பத்தில் உன் குரல் அந்த ஏழாவது பாட்டில் மட்டும்தான். தாளில் அதன் வரியைத் தேடினேன். அச்சில் இருந்தது: "இது என் ஊடல்."

ஊடல்! கணவன்மேல் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதாம். தமிழ் மிஸ் நடத்தியிருக்கிறார். இணையத்தில் ஒருவர் விமர்சனமும் எழுதியிருக்கிறாராம். சங்கப் பாட்டுத் தலைவியின் ஊடலை இரைச்சலில் மீட்டெடுத்திருக்கிறார்கள், மிகவும் அண்டர்ரேட்டட் குழு என்று. நித்யா அதைக் குறித்துக்கொண்டு வந்து படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தன. சேலத்தில் நீங்கள் வாசித்தபோது நாற்காலிகள்தான் நிறைய வந்திருந்தன. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நீ சொன்னாய்: "கேக்க வராதவன் வெச்ச பேருடி அண்டர்ரேட்டட்."

நித்யா அவள் வீட்டுப் போனிலிருந்து தினேஷ் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள். வந்த பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். "பாப்பா, ஊடுன்னா வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. மிக்ஸ் பண்ண சென்னை அண்ணன் ஊடல்னு போட்டாரு. டீசண்டா இருக்குன்னு நானும் விட்டுட்டேன். டீ ஷர்ட்லயும் அந்த வரிதான். புதன்கிழமை பிரிண்டுக்குப் போவுது. சின்னப் புள்ளைங்க சொல்லி மாத்த முடியாது. உங்க ஊட்ல பெரியவங்க யாராச்சும் சொன்னா பாக்கலாம்."

உங்க ஊட்லயாம். அவர் வாயிலேயே வருகிறது, அக்கா! அவர் அம்மாபேட்டை வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். பாட்டு வரியென்றால் மட்டும் அந்தச் சொல்லுக்குச் சட்டை போட்டுவிட வேண்டும். உன்னோடு இரண்டு வருடம் வாசித்த மனிதர்.

பெரியவர்கள் என்று எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா, பெரியப்பா பேச்சைத் தாண்ட மாட்டார்; மிச்சம் அம்மாதான். பெரியப்பா சாப்பிட்டு எழுவதற்கு முன் தன் தட்டில் சோறு போட்டுக்கொள்ளவும் பயப்படுகிற அம்மா. இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆளுக்கு ஐந்து நிமிடம் போன். வார்டன் மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பாட்டுப்பெட்டி விஷயம் தெரிந்தால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னேன்.

"அம்மா, அக்கா பாட்டுல ஊடுன்னு வருமில்ல, அத ஊடல்னு போட்டுட்டாங்கம்மா. ஊடல் இல்லம்மா. ஊடு. நம்ம ஊடு."

"என்ன சாமி ஒளர்றே? ஊட்டுக்கு வரோணுமா?"

"இல்லம்மா. 'இது என் ஊடு'ன்னுதான் அக்கா கத்துச்சு. புதன்கிழமைக்குள்ள சொல்லோணும். பெரியவங்க சொன்னாத்தான் மாத்துவாங்களாம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கம்ப்ரசர் நின்ற மாதிரி. என் நெஞ்சு திக்கென்றது.

"ஊடுன்னா கத்துச்சு?" என்றார் அம்மா. "வண்டிக்குள்ளாற இருந்து அத்தனை நாளு... எனக்கு அந்தச் சத்தத்துல ஒண்ணுமே வெளங்கல சாமி."

"ஆமாம்மா."

"உங்க பெரியப்பனுக்குத் தெரிஞ்சா..." என்று இழுத்தார். அடுப்படிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது. "இழவுக்கு வந்தப்ப அந்தக் கிட்டாருப் பையன் நம்பரு குடுத்துட்டுப் போனான். அரிசி டப்பாக்குள்ள வெச்சிருக்கறேன். நாஞ் சொல்றேன். நீ அழுவாத."

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வார்டன் மேடம் ரிசீவரை வாங்கி வைத்தார். "ஊட்டு நெனப்பு இருந்தா மார்க் வராது. போ" என்றார். அவருக்கும் அந்தச் சொல்தான் வந்தது.

அம்மா சொல்வாரா, தினேஷ் அண்ணன் கேட்பாரா, எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு வரை தெரியாது. சட்டையில் எந்தச் சொல்லை அச்சடித்தாலும் வாங்குகிறவர்கள் துவைத்துச் சாயம் போக்கிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு ஒரு மரியாதையும் இல்லை. ஆனால் நீ கத்தியது என்ன என்று ஒரு பெரியவர் வாயால் ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லப்படவேண்டும். இது மட்டும்தான் எனக்கு வேண்டியது.

நாளை பெட்டி சோதனை என்று பேச்சு. பாட்டுப்பெட்டியும் தாளும் காலையிலேயே நித்யாவின் தயிர் டப்பாவுக்கு அடியில் போய்விடும். இந்தப் பக்கங்களையும் கிழித்து அவளிடம் கொடுத்துவிடுவேன். என்னிடம் எதுவும் இருக்காது. பரவாயில்லை.

பொங்கல் விடுமுறைக்குப் போகிறவர்கள் எழுதும் பதிவேடு நாளை வகுப்புக்கு வருகிறது. பெயர், தேதி, செல்லும் இடம். எல்லாரும் 'வீடு' என்று எழுதுவார்கள். போன வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன். நாளை அந்தக் கட்டத்தில் நான் 'ஊடு' என்று எழுதப்போகிறேன், அக்கா. வார்டன் மேடம் எழுத்துப்பிழை என்று சிவப்பு மையில் சுழிப்பார். கூப்பிட்டுத் திட்டுவார். ஆனாலும் அதைத்தான் எழுதுவேன்.